குரல் கொடுத்தவர்

பதினேழு படங்களில் நடித்தேன்,
அதில் ஒன்பதில் செத்துப்போனேன்.
காய்ச்சலில் நான்கு முறை, பாம்பு இரண்டு,
வில்லனின் ஜீப்பில் ஒருமுறை,
மற்றவை மறந்துவிட்டன.
மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன்,
கதாநாயகியின் கண்ணீர் என் காதுக்குள் வழியும்,
சிரிப்பு வந்துவிடும்.
ஏழு டேக்.

டைட்டிலில் பேபி குமுதினி.
"அப்பா செத்துட்டார்னு நெனச்சுக்கோ பாப்பா, அழு"
என்பார் டைரக்டர்.
வேப்பமரத்தடியில் பேட்டாவை எண்ணிக்கொண்டிருக்கும் அப்பா
அங்கிருந்தே தலையாட்டுவார்,
நெனச்சுக்கோ, பரவாயில்லை என்பதுபோல.

குரல் மட்டும் என்னுடையதில்லை.
ஒரே ஒருமுறை டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஏழுமாத வயிறோடு ஒரு பெண்,
கன்னத்தில் ஒதுக்கிய ஏலக்காய்,
திரையில் என் உதட்டையே பார்த்தபடி
"என்னை விட்டுட்டுப் போகாதேம்மா" என்றாள்.
நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க
நான் அங்கே கதறிக்கொண்டிருந்தேன்.
வெளியே வந்து கன்னத்தைக் கிள்ளினாள்:
"ஒன் வாய் ரொம்ப வேகம்டி,
ஓடி ஓடிப் பிடிக்கவேண்டியிருக்கு."
பெயரை நான் கேட்கவில்லை.
டைட்டிலிலும் இல்லை.

பன்னிரண்டு வயதில் நாலு அங்குலம் வளர்ந்தேன்.
அவ்வளவுதான்.
பத்திரிகைகள் விரும்புகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.
அஞ்சல் வழியில் பி.காம்.,
பிறகு ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்,
அவருடைய பேஸ்மென்ட்.

இப்போது முகம் தேவைப்படாத வேலை.
ஃபர்னஸ் உறுமும் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு
நான் மொழிபெயர்ப்பாளர் 40716.
பெயர் சொல்லக் கூடாது.
அவர்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
ஒரே காலைக்குள் நான் அகதி, நான் கர்ப்பிணி,
நான் மூன்று மாத வாடகை பாக்கி,
பல் பிடுங்கப் பயப்படும் கிழவர் நான்.

போன பிப்ரவரியில் சட்பரியிலிருந்து ஓர் அழைப்பு.
மருத்துவமனை. எழுபத்தெட்டு வயது,
மூச்சுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் பேச்சு.
டாக்டர் கொட்டிக்கொண்டே போக, குறுக்கிட்டாள்:
"இவர் வாய் ரொம்ப வேகம்மா,
ஓடி ஓடிப் பிடிக்கவேண்டியிருக்கு."

ஹெட்செட்டில் ஏலக்காய் வாசனை வராது.
வந்தது என்றால் பொய்.
அந்த வாக்கியமும் யாருக்கும் வாய்க்கக் கூடியதுதான்.
ஆனால் அந்த 'ம்மா'வில் ஓர் இழுப்பு இருந்தது,
என் எட்டு வயசு,
சளி கட்டி.

கேட்டதையெல்லாம் சொல்லவேண்டும், விதி.
உங்கள் வாய் ரொம்ப வேகம் என்றேன் டாக்டரிடம்.
சிரித்தார். மெதுவானார்.
எங்கே வலிக்கிறது?
"இங்கே" என்றாள்.
இங்கே என்றேன்,
எங்கே என்று தெரியாமல்.
கூட யாராவது உண்டா?
"மகன் இருக்கான், கால்கரியில. போன எடுக்கமாட்டான்."
அவனை எனக்குத் தெரியும்.
வயிற்றுக்குள்ளிருந்து என் வசனத்தைக் கேட்டவன்.
எனக்கு மகன் இருக்கிறான், போனை எடுக்கமாட்டான் என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்,
அவள் நிறுத்திய இடத்தில் அவ்வளவே நிறுத்தி.
உதடு பிசகவில்லை.

இருபத்திரண்டு நிமிடம்.
திரையில் படிவம்:
ஒலித் தரம், ஐந்துக்கு எத்தனை?
அழைத்தவரை முன்பே அறிவீரா?
'இல்லை'யை அழுத்தினேன்.

அப்புறம் மைக்கை அணைத்துவிட்டு
அந்த வசனத்தைச் சொல்லிப்பார்த்தேன்.
முதல் தடவை, என் குரலில்.
தடித்திருந்தது, பொருந்தவே இல்லை.
இன்னொரு முறை சொன்னேன்.

"ஆரோட கதைக்கிறாய்?" என்றார்
மேலே படியிலிருந்து.
வேலையில் இருக்கிறேன் என்றேன்.