பத்தாம் தேதி

குலசேகரம் சங்கத்தில்
நாலரைப் பவுன் சங்கிலியைத்
தள்ளுபடி என்று திருப்பித் தந்தார்கள்.
கையெழுத்து மட்டும் கேட்டார்கள்.
பேனாவும் அவர்களுடையது.

அந்த ஞாயிறே போதகர் அதைப் பிரசங்கத்தில் எடுத்தார்:
"எப்சிபாய் ஒரு சக்கரம் கெட்டினாளா?"
சபை சிரித்தது. நானும்.

ஆனாலும் ஒட்டுப்பால் விற்ற காசில்
வாரம் இருநூறு
ஹார்லிக்ஸ் குப்பிக்குள் விழுந்தது.
கை அப்படிப் பழகிவிட்டது.

"குடுத்தத அவரு திரும்பக் கேக்கமாட்டாரு"
என்றான் கொழுந்தன், பெந்தெகோஸ்தேக்காரன்.
"கேக்கமாட்டாரு. இவ தொலைச்சிரலாமே"
என்றார் என் வீட்டுக்காரர்,
நெற்றிவிளக்குக்கு பேட்டரி மாற்றியபடி.
நாலு மணிக்கு ரப்பர் வெட்டப் போகிறவர்.

இரண்டு பேரும் நன்றாக உறங்கினார்கள்.
நான்தான் சங்கிலியின் கொளுத்தைப்
பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பத்தாம் தேதி
குப்பியைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு
மழையோடு சங்கத்துக்குப் போனேன்.
அந்தப் பையன் பேரேட்டை மூன்று தடவை புரட்டினான்.
"ஒங்களுக்க பேரே இதில இல்ல அக்கா."

ஒன்பது வருடம்
மாதம் தவறாமல் என் பேரைச்
சத்தமாகக் கூப்பிட்ட இடம்.
கொடுக்க ஒன்றுமில்லை என்றதும்
என்னைத் தெரிந்தவர்களும் இல்லை.
சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்,
முழங்கால் ஏன் நடுங்கியதோ.

சந்தையில் நெய்மீன் வாங்கினேன்,
ஆயுளில் முதல்முறையாக விலை பேசாமல்.

வீட்டுக்கு வந்து மீதியை எண்ணினேன்:
நூற்று நாற்பது.
குப்பிக்குள் போட்டேன்.
யாருக்கென்று கேட்காதீர்கள்.
விழுந்த சத்தம்
எனக்குப் பிடித்திருந்தது.