சத்தந்தின்னி

அந்தேரி, மூன்றாவது மாடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு செல்வின் தேவசகாயம்.
திரையில் சத்தந்தின்னி
ஒரு மேம்பாலத்தை முதுகில் தாங்கியபடி
இந்தியில் பேசிக்கொண்டிருக்கிறான்.
அவன் உதடு மூடும் இடத்தில்
எனக்கு ஒரு 'ப' வேண்டும், இல்லையென்றால் 'ம'.
அதற்குத்தான் சம்பளம்.

இவன் அவனில்லை.

ஆன்டாப் ஹில்லில் எட்டணா வாடகைக்கு
நான் எடுத்துப் படித்தவனுக்குத் தொப்பை உண்டு.
துறைமுகத்தில் டைப்பிஸ்ட்.
ஜன்னல் திரையை வெட்டித் தைத்த பச்சை அங்கி.
குண்டு வெடிக்கும், அவன் வாயைத் திறப்பான்,
அடுத்த கட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லாத புகை.
பிறகு ஒரு ஏப்பம்.
அந்தப் பக்கத்திலேயே சத்தம் அது ஒன்றுதான்.

முக்கியமாக, அவனுக்குத் திக்கும்.
"கா...ப்பாற்ற வந்தி...ருக்கி...றேன்" என்பான்.
அதுவரை வில்லன் காத்திருப்பான்.
எனக்கு யாரும் காத்திருந்ததில்லை.
நான் 'உள்ளேன்' சொல்லி முடிப்பதற்குள்
டீச்சர் மூன்று பெயர் தாண்டியிருப்பார்.
பிறர் வாய்க்கு வசனம் எழுத வந்தது
அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

படத்தில் அவனுக்குக் கறுப்பு ரப்பர் உடை,
வயிற்றில் ஆறு கட்டி,
சத்தத்தைத் தின்கிறவனைச் சுற்றி
எட்டுத் திசையிலும் முரசு.
அவன் முதலில் தின்றிருக்க வேண்டியது
அந்தப் பின்னணி இசையை.
பேச்சோ, வெண்ணெயில் இறங்கும் கத்தி.

லூப் இருநூற்றுப் பன்னிரண்டில்
அவன் திரும்பி நிற்கிறான்.
முதுகு தெரிகிறது, அங்கி தெரிகிறது,
உதடு தெரியவில்லை.
இடிபாட்டுக்குள் கிடக்கும் சிறுமியிடம் ஒரு வரி.
நான் எழுதினேன்:
"நா...ன் இருக்கே...ன்."

செல்வின் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பள்ளம் எங்கே என்று தெரிந்தவன்
வண்டியை மெதுவாக்குவதுபோல் சொன்னார்.
முதல் டேக்கிலேயே ஓகே.

அந்த ஞாயிறு, ஃபோர்ட் நடைபாதையில்,
தார்ப்பாய்க்கடியில், ஒரு ரயில்வே அட்டவணைக்குக் கீழே
இந்தி மூலம் கிடைத்தது. முப்பது ரூபாய்.
அதே தொப்பை, அதே புகை, அதே ஏப்பம்.
திக்கல் இல்லை.
ஒரு புள்ளிகூட இல்லை.
கடைக்காரர் வாங்குகிறீர்களா இல்லையா என்று
இரண்டு முறை கேட்கும்வரை தேடினேன்.

அவன் கொஞ்சமாகப் பேசுகிறவன்,
பலூனும் சின்னது.
இந்திக்கு அளந்த பலூனில் தமிழ் அடங்கவில்லை.
யாரோ ஒருவர்
முறுக்கை உடைத்து டப்பாவில் அடைப்பதுபோல்
சொல்லை உடைத்து அடைத்திருக்கிறார்,
உடைத்த இடத்தில் மூன்று புள்ளி.
அவ்வளவுதான்.

கோட்டுக்கு வெளியே வழிந்த சிவப்பு மையையும்
அவன் சக்தி என்றுதான் நம்பியிருந்தேன்.
ரப்பர் உடைக்காரனைத் திட்டிய வாயோடு
மழைக்கு ஒதுங்கி நின்றேன்.
அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்று
ஆறு மாதம் ஊரெல்லாம் சொல்லியிருந்தேனே,
எந்த அசலை?

செவ்வாய்க்கிழமை தாதரில் ரயிலுக்கு நிற்கையில்
மிக்ஸிங்கிலிருந்து பராக் சாவந்த் போன் செய்தான்.
"இருநூற்றுப் பன்னிரண்டில் குரல் ரெண்டு இடத்தில் மாட்டுது மேடம்.
வெட்டி ஒட்டிடவா? ரெண்டு நிமிஷ வேலை."

விரார் ஃபாஸ்ட் கடந்துபோனது.
அது முழுவதும் போகட்டும் என்று காத்திருந்தேன்.

"வே...ண்டாம்.
அப்ப...டியே இரு...க்கட்டும்."

"லைன் விட்டுவிட்டு வருது மேடம்," என்றான்.

"லைன் சரியா...த்தான் இருக்கு, பராக்."