எனாமல்

ஆண்டுக்கொரு முறை, ஆகஸ்ட் இரண்டாம் வாரம்,
நாற்பது பேர் முன்னால் அந்த அடிபம்பை நிறுத்துகிறேன்.
திரையில் அது எட்டடி உயரம்.
ஒத்தப்புளிக் கொட்டாய், பென்னாகரம் பக்கம்.
ஃபுளோரைடு லிட்டருக்கு நாலு புள்ளி இரண்டு மில்லிகிராம்.
அடுத்த படத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்,
பல் வரிசையில் டீக்கறை போலக் கோடுகள்.
“நீங்கள்தான் சார் ஆட்சியர்.
இன்று திங்கள், குறைதீர் நாள்.
சாயங்காலத்துக்குள் என்ன செய்வீர்கள்?”

வடிகட்டி என்பான் ஒருவன்.
விழிப்புணர்வு என்பாள் முன்வரிசைக்காரி.
மானியம், செயலி, மகளிர் குழு,
எல்லாம் பலகையில் ஏறிய பிறகு
நான் செய்ததைச் சொல்வேன்.

இருபத்தேழு வயது. ஜீப்பின் முன் இருக்கை
முதுகுக்கு இன்னும் பழகவில்லை.
ந.க. எண் இட்டு, பச்சை மையில் கையெழுத்திட்டு
ஓர் ஆணை:
கெட்ட நீர்ப் பம்புகளுக்கெல்லாம் சிவப்பு எனாமல்.
ஆய்வறிக்கையை யார் படிப்பார்?
நிறத்தை எல்லோரும் படிப்பார்கள்.

படித்தார்கள்.
படித்துவிட்டு அதிலேயே அடித்துக் குடித்தார்கள்.
நல்ல பம்பு இரண்டரை கிலோமீட்டர், நடுவே ஒரு கரடு.
‘தகவல் தாகம் தீர்க்காது’ என்று
பிற்பாடு ஒரு கட்டுரையில் எழுதினேன்.
அந்த ஒற்றை வரிதான் என்னைக்
கோட்டையிலிருந்து கிளப்பி
இந்தப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது.
நாற்பது பேனாக்களும் அதைக் குறித்துக்கொள்ளும்.
வகுப்பு அங்கே முடியும்.

வகுப்பில் வராதது:
சின்னமாது. பதினெட்டு வயது. பம்புக்கு இருபது ரூபாய்.
பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு ராத்திரி
சீருடை போடாத நாலு பேர் அவனை நிறுத்தினார்கள்.
அந்த வருஷங்களில், அந்தப் பக்கத்தில்,
முழங்கை வரை சிவப்போடு ஒருவன்
இருட்டில் சைக்கிள் மிதிக்கக் கூடாது.
எந்தச் சுவரில் என்ன எழுதினாய் என்று கேட்டார்கள்.
அவனுக்கு எழுதத் தெரியாது.
அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான்.
மூன்றாம் நாள் தாசில்தார் வழியாகச் சேதி வந்தது.
ஒரு போன் செய்தேன். விட்டுவிட்டார்கள்.
ஒரே ஒரு போன்.
கோப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை,
நானும் உண்டாக்கவில்லை.

இந்தப் பங்குனியில் குழாய்நீர்த் திட்டத்தை
மதிப்பிடும் குழுவோடு வந்தேன்.
தர்மபுரி நாலு ரோட்டில் அறை,
குளியலறையில் நிறைய தண்ணீர்.
ஒத்தப்புளியில் ஆற்றுத் தண்ணீர்
ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.
பம்புக்குக் கைப்பிடி இல்லை,
ஆடு கட்டியிருந்தார்கள்.
சிவப்பு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். துருவா பெயிண்டா தெரியவில்லை.

பென்னாகரத்தில் ‘மாது ஆர்ட்ஸ்’.
நம்பர் பிளேட், கடை போர்டு, கல்வெட்டுக்கு வர்ணம்.
தமிழிலும் இங்கிலீஷிலும் சுவர் முழுக்க
அவர் கையெழுத்து, ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல்.
பெயரைச் சொல்லாமல் நின்றேன்.
“செவப்புப் பெயிண்டு அம்மாதானே?”
சிரித்தார். அதே கோடுகள்.

வழியெல்லாம் ஒரு மன்னிப்பைத் தயாரித்து வந்திருந்தேன்,
மூன்று பத்தி, தீர்மான உரை போல.
அவர் அதற்கு வாய்ப்பே தரவில்லை.
“நாப்பத்தியொரு பம்புக்குக் கூலி பாக்கிங்கம்மா.
போலீசு கேசுன்னு காண்ட்ராக்டர் தரவே இல்ல.”
எண்ணூற்று இருபது.
கைப்பையைத் திறந்தேன்.
“இருங்க, பில்லு போட்டுர்றேன்.”

கார்பன் தாளை நேராக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு,
எழுத்து எழுத்தாக:
பம்பு 41, சிவப்பு, ஒரு கோட்டு.
பிறகு பேனா மேலே போய் நின்றது.
“தேதி எதுங்கம்மா போடறது?”

தேதி இல்லாத பில் தணிக்கையில் நிற்காது என்று
முதல் வகுப்பிலேயே
சொல்லிக்கொடுப்பவள் நான்.