இடக்கை

நகரிக்குக் கிழக்கே, குசஸ்தலை வளைகிற இடத்தில்
இருபத்தோரு நாள் கொடுத்திருந்தார்கள்.
அடுத்த நாள் சாயப்பட்டறைக் கிடங்குக்கு அஸ்திவாரம்.
பூசைக்கு ஐயர்கூடச் சொல்லியாகிவிட்டது.

நூல் கட்டி, ஆணி அடித்து,
ஐந்துக்கு ஐந்து, நான்கு குழி.
மேலே பாலித்தீன், பீங்கான் சில்லு, சிவப்புச் சாயம் குடித்த மண்.
அதற்கடியில் ஆறு விட்டுப்போன வண்டல்.
பிறகு சரளை.
சரளையில், பத்தொன்பதாம் நாள்,
இரண்டு பக்கமும் கொத்திய கைக்கோடரி.

ஆழம் இரண்டு மீட்டர் பத்து.
தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று சீட்டு எழுதினோம்.
ஹேமலதா பிடித்துப் பார்த்தாள். நானும்.
திருப்பதி அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தார்.
உட்காரவில்லை.
ஏதோ ஒரு விளிம்பு உள்ளங்கையை உறுத்தியது.
"பாதியில விட்டிருப்பான்" என்றார்.

ஜேசிபி முனிரத்தினம்
மணிக்கணக்கில் வாடகை பேசி வந்து
வாளி நிழலில் படுத்தே கிடந்தவர்.
குழியோரம் வந்து, "தொடலாமா?"
லுங்கியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்,
இடது கையை.

உட்கார்ந்துவிட்டது.
கட்டைவிரலுக்கென்று விட்ட பள்ளத்தில்
கட்டைவிரல்.
"எங்கம்மா சூடு வெச்சும் மாறல சார் இந்தக் கை"
என்று திருப்பிக் கொடுத்தார்.

பதிவேட்டில் எண், ஆழம், எடை, கண்டெடுத்தவர்.
'குறிப்பு' கட்டம் சிறியது.
'இடக்கை' என்றெழுதிக் கேள்விக்குறி போட்டேன்.
அதிகாரி சொல்லை அடித்துவிட்டுக்
கேள்விக்குறியை விட்டுவைத்தார்.

இருபத்திரண்டாம் நாள்
எலுமிச்சை நசுக்கி எந்திரத்தைக் கிளப்பினார் முனிரத்தினம்.
நெம்புகோல் இரண்டு.
எது முதலில் அசைகிறது என்று பார்க்கவே
ஒன்பது மணி பஸ்ஸை விட்டேன்.