மூக்குக் கூலி

லூசியானாவில் இருக்கை மட்டம் வரை தண்ணீர் குடித்து,
காப்பீட்டுக்காரன் கைகழுவி,
ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போன வெள்ளை கேம்ரி அது.
கருங்கடல் கடந்து, போத்தி துறைமுகத்தில்
கண்டெய்னரைத் திறந்தபோது
வண்டிக்கு முன்னால் வாடை இறங்கியது.
ஜும்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான்.
நான் நின்றேன்.
போன குளிர்காலக் காய்ச்சல் போகும்போது
என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

ருஸ்தாவி சந்தைக்குப் பின்னால் எங்கள் தகரக் கொட்டகை.
இருக்கைகளைப் பிடுங்கினோம். விரிப்பை உரித்தோம்.
அடியில் வண்டல்,
அதில் முளைத்து, வெளிச்சம் தேடிப் படுத்தபடியே நீண்டு
காய்ந்துபோன ஒரு விதை. என்ன மரமோ.
ஒயர் முடிச்சு ஒவ்வொன்றையும் பிரித்துப்
பல்குச்சியால் பச்சைக் களிம்பு சுரண்டினேன்.
செம்போடு பிறந்ததே களிம்பு என்பார்கள்.
இது வெள்ளத்தோடு வந்தது, போய்விடும்
என்று சொல்லிக்கொண்டேதான் சுரண்டினேன்.

பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால்
ஓரிடத்தில் பழுப்பாய் ஒரு கோடு.
தண்ணீர் வந்து நின்ற கரை.
சந்தையில் அதைக் கறை என்பார்கள்.
ஓர் எழுத்துக்கு நானூறு டாலர் குறையும்.
பெல்ட்டை மாற்றினோம்.

வாடை போயிற்றா என்று யாரைக் கேட்பது?
ஜும்பேருக்கு எல்லாமே சிகரெட் நாற்றம்.
ரொட்டிக்கடை லாம்சிராவைக் கூப்பிட்டேன்.
ஒருமுறை முகர்ந்தால் பத்து லாரி.
லாரி என்பது எங்கள் ஊர்க் காசு.
முழங்கை வரை மாவோடு வந்து உட்கார்ந்து
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடுவாள்.

முதல் வாரம்: "குளம்."
வினிகர் தெளித்தேன்.
"வினிகர் ஊற்றின குளம்."
காப்பித்தூள், சோடா உப்பு, நான்கு நாள் வெயில்.
"நாய். நனைந்த நாய். தூரத்தில்தான்."
ஓசோன் இயந்திரம் வாடகைக்குப் பிடித்து
விடிய விடிய ஓடவிட்டேன்.
அன்றைக்கு அவள் வெகுநேரம் இறங்கவில்லை.
கண்ணாடியைத் தட்டினேன்.
"ஒன்றுமே இல்லை" என்றாள்.
"அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.
வண்டி என்றால் கொஞ்சமாவது
ஆள் இருந்த வாசம் வேண்டாமா?"
மறுநாள் விடியுமுன்னே
அடுப்பிலிருந்து நேரே நான்கு ரொட்டி
பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.
அதற்குத் தனிக் கூலி.

பிஷ்கெக்கிலிருந்து சாபர்பெக் வந்தான்.
பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். ப்யூஸ் பெட்டியைப் பார்த்தான்.
உள்ளே ஏறி மூச்சை இழுத்து
"பசிக்கிறது" என்றான். சிரித்தோம்.
பிறகு, சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிச் சட்டத்தில்
விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தான்.
உப்பு.
மூக்குக்கு இத்தனை பாடுபட்டோம்,
நாக்கை யார் நினைத்தது?

"தண்ணீர் பார்த்த வண்டியா?"
ஜும்பேருக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு.
வாயைத் திறந்தான்.
சாபர்பெக் கையைக் காட்டி நிறுத்தினான்.
"என்னிடம் சொல்லாதே.
அங்கே ஒரு டாக்சிக்காரன் இதையே என்னிடம் கேட்பான்.
அவனுக்கு நான் என்ன சொல்லணுமோ
அதைச் சொல்லிக்கொடு."

அறுநூறு குறைத்தோம்.
வினிகருக்கு எவ்வளவு தண்ணீர், ஓசோன் எத்தனை மணி நேரம்,
களிம்புக்கு எந்தக் குச்சி,
எல்லாம் சொன்னேன். சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டான்.
ரொட்டியை மட்டும் சொல்லவில்லை.

இருட்டும் நேரம் கிளம்பினான்.
விளக்கைப் போட்டபோதுதான் பார்த்தேன்.
இடது விளக்கின் கூட்டுக்குள்
விரற்கடை அளவு தண்ணீர்
வெளிச்சத்தில் தளும்பிக்கொண்டிருந்தது.
லூசியானாவில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.
கூப்பிடக் கை தூக்கினேன்.
டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து
அவனும் கை காட்டினான்.

ஜும்பேர் இரண்டாம் முறை பணத்தை எண்ணினான்.
லாம்சிராவுக்கு இன்னும் முப்பது லாரி பாக்கி.