துக்கமணிக்கு ரசீது

நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
போன மாதம் கோயில் கரண்ட் பில்.
பொருளாளர் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.
எட்டு ஏசியில் மூன்று
என் அப்பா ஞானாதிக்கம் நினைவாக.
வாசலுக்கு வலப்பக்கம் பளிங்கில் பெயர் இருக்கிறது,
செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே.

ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு ஒட்டிய நாளிலிருந்து
துறைமுகத்துச் சத்தம் உள்ளே வருவதில்லை.
சாயங்காலப் பூசையில் சிப்காட் நெடியும் இல்லை.
முழந்தாளிடும் பலகைக்கு மெத்தை தைத்தோம்.
என் முட்டியில் காய்த்திருந்த இரண்டு வட்டம்
எப்போது கரைந்ததென்று தெரியாது.
குளிக்கும்போது ஒருநாள் தடவித் தேடினேன்,
தொலைந்த சாவியைத் தேடுவதுபோல.

வேர்த்து வழிந்த காலத்தில் கேட்டது ஏராளம்.
கடனுக்கு, டைல்ஸ் கடைக்கு, மகளின் இரைப்புக்கு.
இப்போது கேட்க ஒன்றும் இல்லை.
நன்றி சொல்லிவிட்டுப்
பிரசங்கத்தில் கண்ணயர்கிறேன்.
சாமியாரும் குறை சொல்வதில்லை.

செங்கோல்மேரி மட்டும் உள்ளே வருவதில்லை.
கூடையை வெளியே வைத்தாலும்
சேலையில் மீன் வாடை நிற்கும்,
மூடின இடத்தில் அது போக வழியில்லை என்று
பேரவைக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
கெபிக்குப் பக்கத்தில் நின்று
ஸ்பீக்கரில் பூசை காண்கிறாள்.
நற்கருணைக்குக் கதவு திறக்கும்போது
கொஞ்சம் குளிர் அவள் முகத்தில் படும்.
உள்ளே இராயப்பர் சுரூபம்,
கையில் சாவி, காலடியில் வலை.
போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம்.

ஐப்பசியில்
உப்பனாற்று முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து
அவள் புருஷன் சவரிராயனைக் கரையேற்றியபோது
விளக்கு வைக்கும் நேரம்.
துக்கமணி அடிக்கச் சொல்லி
மச்சான் பையன் ஓடி வந்தான்.
நான் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினேன்.
மாதம் இருபது. மூன்று வருஷ பாக்கி.
"கட்டிட்டா மணி அடிச்சிடலாம் தம்பி.
எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே."
கோயில்பிள்ளை மத்தியாஸ்
கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்து நின்றார்,
முக்கால் மணி நேரம்.
பத்தும் இருபதுமாக வந்தது பணம்.
ஈரத் தாள்கள். ஒன்றில் செதில்.
எண்ணினேன், ரசீது எழுதினேன்.
பிறகு கை கழுவினேன்.

தவக்காலத்தில்
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன்.
சொல்வதற்குள் தொண்டை இரண்டு முறை அடைத்தது.
மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம்.
எழுந்துகொள்ளும்போது
தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் குரல்:
"அந்த ஜெனரேட்டர் விஷயம் என்னாச்சு?"

எழுநூற்று இருபதை எடுத்துக்கொண்டு
அன்றைக்கே ஆற்றைத் தாண்டினேன்.
கருவாடு திருப்பிக்கொண்டிருந்தவள்
முழுசும் கேட்டாள். கையைத் துடைத்தாள்.
உள்ளே போய்ப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து வந்தாள்.
ரேஷன் அட்டை, மரணச் சான்றிதழ்,
நடுவே நான் கையெழுத்துப் போட்ட ரசீது.
"இந்தக் காசை நான் வாங்கிட்டா
அவருக்கு அடிச்சது ஓசி மணி ஆயிடாதா சார்?
அந்த மனுசன் யார்கிட்டயும்
ஓசியில ஒரு பீடி வாங்கினதில்ல."
ரசீதை மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்தாள்.
திட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பேன் சுலபமாக.

பணம் இன்னும் சட்டைப்பையில்தான்.
சட்டை மாற்றும்போது அதையும் மாற்றுகிறேன்.
உண்டியலில் போட்டுவிடலாம்.
திங்கட்கிழமை அதை எண்ணுவதும் நான்,
வரவு வைப்பதும் நான்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஞாயிறு. இரண்டாம் பூசை.
என் தலைக்கு நேர்மேலே
அப்பா பெயரில் காற்று ஓடுகிறது,
பிடரி குளிர்கிறது.
பிரசங்கம் நீள்கிறது. தூக்கம் வரவில்லை.
நற்கருணைக்குக் கதவைத் திறப்பார்கள்.
கொஞ்சம் வெக்கை உள்ளே வரும்,
அதோடு அந்த வாடையும்.