கல்லுக்குக் காசு கிடையாது

ஈரக்கையால் தொட்டால் மட்டும் அடிக்கும்.
பெரிய அடி இல்லை.
முழங்கை வரைக்கும் ஒரு எறும்பு வரிசை
ஓடித் திரும்புகிற மாதிரி.
மூன்று மாதமாக
ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு
மாவு வழிக்கிறேன்.
அடுக்களைக்குள் செருப்போடு நிற்பதை
இவர் ஒரு நாள் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

பால்காய்ப்புக்கு மைனி கொடுத்த கிரைண்டர்.
மோட்டாருக்கு ஐந்து வருஷம் என்று
அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது.
வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆக
இன்னும் பதினோரு நாள்.
பில் மைனியிடம் இருக்கும்.
சேரன்மகாதேவி வரப்புச் சண்டைக்குப் பிறகு
மைனியிடம் பேசாமலே
ஒரு காரும் ஒரு பிசானமும் அறுத்தாயிற்று.

முருகன்குறிச்சி சம்சுகனி
அடிமூடியைக் கழற்றி டெஸ்டரை வைத்தார்.
"பாடி லீக்கேஜ்க்கா. நானூறு ஆகும்.
சரியாகும்.
ஆனா சரியாயிட்டுன்னு
என் வாயால சொல்ல மாட்டேன்."
அந்த ஒரு சொல்லுக்காகவே
டீக்குக் காசு கொடுத்தனுப்பினேன்.

பழைய இரும்புக்குக் கொம்பையா
தராசுக் கொக்கியில் மாட்டுமுன்னே
உள்ளே கை விட்டு
உருளைக்கல் இரண்டையும் எடுத்து வெளியே வைத்தார்.
"கல்லுக்குக் காசு கிடையாதும்மா."
இத்தனை வருஷம் அரைத்தது அதுதானே என்றேன்.
"அரைச்சது கல்லு. வெல செம்புக்குத்தான்."
முகர்ந்து பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.
செம்பும் இல்லையாம், அலுமினியச் சுருளாம்.
நூற்றிருபது தாரேன் என்றார்.
அதற்குள் கோட்டூர் ரோட்டில் யாரோ கூப்பிட,
நாளைக்கு வாரேன் என்று
வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பாத்திரம் துலக்கிக்கொண்டே
முத்துப்பேச்சி எல்லாம் கேட்டிருக்கிறாள்.
"எனக்குத் தாங்கக்கா.
ரப்பர் செருப்பு எங்க வீட்லயும் கெடக்கு."

தரலாம்.
இடம் காலியாகும். நல்ல பெயர் வரும்.
நூற்றிருபது ரூபாய்க்கு
இதைவிட மலிவாய் ஒரு புண்ணியம்
பாளையங்கோட்டையில் கிடைக்காது.

அவளோடு சில நாள் சின்னவன் வருவான்.
எதைக் கண்டாலும் தொடுவான்.
மூக்கைத் துடைத்த கை, எப்போதும் ஈரம்.
அவன் செருப்புப் போட்டு
நான் பார்த்ததே இல்லை.

இல்லட்டி, வேண்டாம் என்றேன்.
அவள் முகம் போன போக்கைப் பார்க்காமல்
அரிசிப் பானையைத் திறந்து மூடினேன்.
கொடுக்க மனசில்லை இவளுக்கு என்று
சமாதானபுரம் வரைக்கும் நினைத்துக்கொண்டே நடப்பாள்.
நினைக்கட்டும்.
எனக்குக் கூசியது வேறு.
அவள் பிள்ளைக்கு ஆகாத ஒன்று
எனக்கு ஆகும் என்று
மூன்று மாதம் வைத்திருந்தேனே.

ராத்திரி மைனியைக் கூப்பிட்டேன்.
எடுத்ததும், "யாருக்கு என்ன?" என்றாள்.
யாருக்கும் ஒன்றுமில்லை, கிரைண்டர் பில் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஃபேன் சத்தம் மட்டும்.
"பில்லுக்கு நான் எங்க போவேன் புள்ள.
அது எனக்கு வந்தது.
பெரியவ சடங்குக்குக் கல்லிடைக்குறிச்சிக்காரங்க வச்சது.
பெட்டியைப் பிரிக்காமத்தான் தந்தேன், சத்தியமா."
அவங்களுக்கு யார் வச்சதோ என்றேன்.
சிரித்துவிட்டாள். நானும்.
பதினோரு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
கெடு எந்த வருஷமோ முடிந்திருக்கிறது.
சிரித்து முடித்த இடத்தில்
வரப்பு அப்படியே கிடந்தது.
"வைக்கட்டுமா?"
"ம், வையி."

காலையில் கொம்பையா வருமுன்
வயரைக் கத்தரியால் நறுக்கினேன்.
வேண்டுமென்றால் யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.
ஆனாலும் நறுக்கின இடத்தைப் பார்த்து
ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

கல் ஒன்றை
மொட்டைமாடிக் கதவுக்கு அண்டை கொடுத்தேன்.
இன்னொன்றுக்கு இன்னும் சோலி கிடைக்கவில்லை.

பிளக்கை மட்டும் குப்பையில் போடக் கை வரவில்லை.
அதில் ஒரு குற்றமும் இல்லை.
பூட்டு தொலைந்த சாவிகள்,
ஒற்றைத் திருகாணி,
எந்த டார்ச்சுக்கும் சேராத மூடி
கிடக்கிற இழுப்பறையில் போட்டுத் தள்ளினேன்.
மூன்று காலையும் எதிலோ ஊன்றிக்கொண்டு
மூடவிட மாட்டேன் என்கிறது.